ரெயின் செக் என்றால் மழையா?

கேள்வி: நான் தமிழ் மீடியத்தில் படித்து, இன்ஜினியரிங் முடித்து, கோவையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள் அமெரிக்க கிளையண்ட்டோடு மீட்டிங். வேலை சம்பந்தமான இங்கிலீஷ் எனக்குப் பிரச்சினை இல்லை, நடுவில் அவர்கள் சொல்கிற இடியம்தான் பிடிபடுவதில்லை. போன மாதம், நாங்கள் முடித்த ஒரு ஸ்க்ரீனை வெள்ளிக்கிழமை காட்டட்டுமா என்று கேட்டேன். அவர் "கேன் ஐ டேக் எ ரெயின் செக்?" என்றார். நான் "இங்கே மழை இல்லை சார்" என்று சொல்லிவிட்டேன். கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. ஆயிரம் இடியம் உள்ள ஒரு புத்தகம் வாங்கி தினமும் பத்து மனப்பாடம் செய்கிறேன், காலையில் படித்தது சாயங்காலம் மறந்துவிடுகிறது. இந்த வழி சரியா? அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அந்தப் புத்தகத்தை இன்றோடு மூடி வைத்துவிடுங்கள். உங்கள் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை, யார் படித்தாலும் அது மறக்கத்தான் செய்யும். ஏன் என்று சொல்கிறேன்.

தமிழை அகராதி வைத்துப் படித்த ஒரு வெளிநாட்டுக்காரர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று வையுங்கள். பக்கத்து வீட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "சரி, வர்றேன்" என்று எழுந்து வெளியே போகிறார். அந்த மனிதருக்கு என்ன புரியும்? வருகிறேன் என்று சொன்னவர் போய்விட்டாரே, திரும்ப எப்போது வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். பெண் பார்க்க வந்தவர்கள் "ஊருக்குப் போய் கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று கிளம்பினால் உங்கள் அம்மாவுக்கு அந்தக் குரலிலேயே விஷயம் தெரிந்துவிடும், அவருக்குத் தெரியாது. உங்கள் அம்மா இதை எந்தப் புத்தகத்தில் படித்தார்? அதே மாதிரி ஒரு கூடத்தில், அதே மாதிரி காப்பி டம்ளர்களுக்கு நடுவே, நாலு வீட்டில் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். சொல்லோடு அந்த இடமும் மனதில் பதிந்துவிட்டது. உங்கள் புத்தகத்தில் இடம் கிடையாது, ஆளும் கிடையாது. இடப்பக்கம் ஒரு தொடர், வலப்பக்கம் ஒரு அர்த்தம். அது ஒட்டாது.

பள்ளிக்கூடத்தில் நன்னூல் வழக்கு படித்தது ஞாபகம் இருக்கும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று உதாரணம் எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். உங்கள் மீட்டிங்கில் வருகிற 'டச் பேஸ்' (சுருக்கமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்வது), 'சர்க்கிள் பேக்' (அந்த விஷயத்துக்குப் பிறகு திரும்ப வருவது), 'லோ ஹேங்கிங் ஃப்ரூட்' (சுலபமாக முடிகிற வேலை) எல்லாம் இந்தக் குழூஉக்குறி வகைதான். ஒரு தொழிலில் சேர்ந்து உழைக்கிறவர்கள் தங்களுக்குள் புழங்குகிற பேச்சு. என் அனுபவத்தில் ஒரு டீமில் திரும்பத் திரும்ப வருவது முப்பது, நாற்பது தொடருக்கு மேல் இருக்காது. ஆயிரத்துக்குப் பயந்துவிட்டீர்கள், உங்களுக்கு வேண்டியது அந்த நாற்பது.

அந்த நாற்பதில் ஏன் நீங்கள் தடுமாறுகிறீர்கள் என்பதற்கும் காரணம் உண்டு. அமெரிக்கர்களின் ஆபீஸ் பேச்சில் பேஸ்பால் ஊறிக் கிடக்கிறது. நாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். 'சிக்ஸருக்கு அடித்த மாதிரி', 'க்ளீன் போல்ட் ஆயிட்டான்' என்றால் நம் வீட்டுப் பாட்டிக்குக்கூடப் புரியும். பேஸ்பால் மைதானத்தை நாம் கண்ணால் பார்த்ததில்லை. அந்த மைதானத்துக்குப் பெயர் பால்பார்க். 'பால்பார்க் ஃபிகர்' கேட்டால், மைதானத்துக்குள் விழுந்தால் போதும், துல்லியமாக வேண்டாம், குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்லுங்கள் என்று பொருள். 'ஸ்டெப் அப் டு த ப்ளேட்' என்பதில் வருகிற ப்ளேட் சாப்பாட்டுத் தட்டு கிடையாது. அடிக்கிறவர் நிற்கிற இடத்தில் தரையில் பதித்திருக்கும் பலகை அது. அங்கே போய் நில், பொறுப்பை ஏற்றுக்கொள் என்கிறார்கள். 'கர்வ் பால்' வளைந்து வந்து ஏமாற்றுகிற பந்து, அதனால் எதிர்பாராமல் வந்து விழுகிற சிக்கலுக்கும் அதே பெயர்.

உங்களை அன்று படுத்தியெடுத்த ரெயின் செக்கும் அங்கிருந்து வந்ததுதான். 1880களில், மழை வந்து ஆட்டம் நின்றுபோனால், டிக்கெட் வாங்கியவர்களுக்கு இன்னொரு நாள் வந்து பார்க்க ஒரு சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டுதான் ரெயின் செக். இன்று ஒருவர் உங்களிடம் ரெயின் செக் கேட்டால், இப்போது முடியாது, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று பொருள். ஆக அவர் மழையைப் பற்றிப் பேசவில்லை என்பது உண்மை. ஆனால் நீங்கள் மழை என்று புரிந்துகொண்டதில் கேலிக்கு இடமே இல்லை, அந்தச் சொல்லுக்குள் மழை இருக்கத்தான் செய்கிறது.

இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய கவலை. தெரியாத தொடரால் பெரிய ஆபத்து இல்லை, தெரியாது என்பதாவது நமக்குத் தெரியும். தெரிந்த மாதிரியே இருந்து வேறு அர்த்தம் தருகிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் இருந்தேன். கப்பல் வேலையாக வந்திருந்த ஒரு ஆங்கிலேய அதிகாரிக்கு மேஜையில் மக்ரூன் வைத்தோம். கூம்பு கூம்பாக, வெள்ளை வெளேர் என்று, வாயில் போட்டால் கரைந்துபோகும். இதில் மாவு எவ்வளவு என்று கேட்டார். மாவே கிடையாது, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் என்றேன். அவர் என்னைப் பார்த்து "யூ ஆர் புல்லிங் மை லெக்" என்றார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. தமிழில் 'காலை வாரிவிட்டான்' என்றால் நம்பவைத்துக் கழுத்தறுத்தான் என்றல்லவா பொருள்? இவரை நான் எப்போது ஏமாற்றினேன், பேப்பரில் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா என்று அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. மறுநாள் அவர் சாதாரணமாக வந்து, வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு டப்பா எங்கே வாங்கலாம் என்று கேட்டபோதுதான் சீனியர் அக்கா விளக்கினார்: 'சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள்' என்பதற்கு அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று. அந்த ஒரு தொடரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், மக்ரூனோடு சேர்ந்து அது உள்ளே போய்விட்டது.

இதே போலத்தான் ஐஸும். நாம் 'ஐஸ் வைக்கிறான்' என்றால் முகஸ்துதி செய்கிறான் என்று பொருள். 'ப்ரேக் த ஐஸ்' என்பதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. புதிதாகச் சந்திக்கிறவர்கள் நடுவே இருக்கிற அந்த இறுக்கத்தை ஏதோ பேசிக் கலைப்பது அது. அப்புறம் 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று கிளையண்ட் ஆரம்பித்தால் அவருக்குப் பயம் ஒன்றும் இல்லை, முடியாது என்பதைப் பதமாகச் சொல்லப் போகிறார். "டெல் மீ அபவுட் இட்" என்றால் விவரம் கேட்கிறார் என்று நினைத்து நீங்கள் ஆதியோடு அந்தமாகச் சொல்ல ஆரம்பிக்கக் கூடாது. 'ஆமாம், எனக்கும் அதே கதைதான்' என்று பெருமூச்சு விடுகிறார். பல நேரம் குரலைக் கவனித்தாலே இது விளங்கிவிடும்.

'டேபிள்' என்ற சொல்லை உங்கள் டீமில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். நம் நாட்டில், பிரிட்டனில், ஒன்றை டேபிள் செய்வது என்றால் சபையில் வைத்து விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் அதற்கு நேர் எதிர், இப்போதைக்கு ஒத்திப்போடுவது. "லெட்ஸ் டேபிள் திஸ்" என்று அவர்கள் சொன்னதும் நம் ஆட்கள் ராத்திரி உட்கார்ந்து ஸ்லைடு தயாரிப்பதை நானே பார்த்திருக்கிறேன். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது ஒரு அறிக்கையை டேபிள் செய்ய வேண்டும், கூடாது என்று பிரிட்டிஷ் அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் நெடுநேரம் காரசாரமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் வேண்டியது ஒன்றேதான். சர்ச்சில் தன் போர் நினைவுகளில் இதை எழுதி வைத்திருக்கிறார். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், கோவையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் தலைகுனிய என்ன இருக்கிறது?

நாம் பேசுவதும் அவர்களுக்கு இப்படித்தான் போய்ச் சேர்கிறது, அதையும் கொஞ்சம் கவனியுங்கள். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்று நீங்கள் சொன்னால், 2019ல் மயங்கி விழுந்தீர்கள் என்றுதான் ஒரு அமெரிக்கர் காதில் விழும். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிவிடுங்கள்.

மூலக்கதை தெரிந்தால்தான் தொடர் புரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ரெயின் செக் கதையைச் சொன்னது உங்கள் மனதில் நிற்க வேண்டும் என்பதற்காக. தினமும் 'டெட்லைன்' என்கிறீர்கள். 1864ல், அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்தில், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் போர்க்கைதி முகாமில் வேலிக்கு உட்புறம் கட்டைகளால் ஒரு எல்லை வைத்திருந்தார்கள். கைதி அதைத் தாண்டினால் காவலர் சுட்டுவிடலாம். அதற்குப் பெயர்தான் டெட்லைன். இது தெரியாமலேதான் இத்தனை நாளும் சரியாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். 'கம்பி நீட்டிவிட்டான்' என்கிறோம், என்ன கம்பி, எங்கே நீட்டினான் என்று யார் கேட்கிறார்கள்? தவிர, வாட்ஸ்அப்பில் வருகிற மூலக்கதைகளில் பாதிக்கு மேல் கட்டுக்கதை. பழைய காலத்தில் கூரையிலிருந்து பூனையும் நாயும் வழுக்கி விழுந்ததால்தான் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வந்தது என்பதும் அப்படிக் கயிறு திரித்ததுதான். அந்தத் தொடரையே இன்று பேச்சில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, 'இட்ஸ் போரிங்' என்று, மழை கொட்டுகிறது என்ற பொருளில், சொல்லிவிட்டுப் போகிறார்கள். கைடுகளில் மட்டும் பூனையும் நாயும் இன்னும் விழுந்துகொண்டிருக்கின்றன.

சரி, நாளையிலிருந்து என்ன செய்வது? ஒரு சின்ன நோட்டு வையுங்கள். மீட்டிங்கில் காதில் விழுந்த தொடரை மட்டும் எழுதுங்கள், புத்தகத்திலிருந்து ஒன்றுகூட வேண்டாம். பக்கத்திலேயே யார் சொன்னார், யாரிடம், அதற்கு அடுத்து என்ன நடந்தது என்று தமிழிலேயே ஒரு வரி. 'செவ்வாய்க்கிழமை, பட்ஜெட் பேச்சு, பால்பார்க் கேட்டார், மேனேஜர் சுமாராக ஒரு தொகை சொன்னார், அவர் சரி என்றார்.' இப்படி எழுதினாலே முக்கால்வாசி அர்த்தம் அங்கேயே வந்துவிடும். அப்புறம் கேம்பிரிட்ஜ் அல்லது ஆக்ஸ்ஃபோர்டின் ஆன்லைன் அகராதியில் சரிபாருங்கள். இலவசம்தான். பேச்சு வழக்கா, பழைய வழக்கா, அமெரிக்காவிலா பிரிட்டனிலா என்றெல்லாம் அதில் போட்டிருப்பார்கள், அந்தக் குறிப்பை விடாமல் படியுங்கள். நீங்களே பயன்படுத்துவது பிறகு. அதே தொடரை மூன்று நாலு பேர் வாயால் கேட்டபிறகு அது தானாக உங்கள் நாக்கில் வரும், அதுவரை நேரான இங்கிலீஷே பேசுங்கள். யாருக்காவது இரங்கல் சொல்லும்போது புத்தகத்தில் படித்த 'கிக் த பக்கெட்'டை எடுத்துவிட்டால், 'மண்டையைப் போட்டுவிட்டார்' என்று துக்க வீட்டில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

மீட்டிங் நடக்கும்போதே புரியாவிட்டால், 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லக்கூட வேண்டாம். ஊகித்ததைக் கேள்வியாகத் திருப்பிக் கேளுங்கள்: "ஸோ யூ நீட் எ ரஃப் நம்பர் டுடே, ரைட்?" சரியாக இருந்தால் ஆமாம் என்பார், தப்பாக இருந்தால் அவரே எளிதாக மாற்றிச் சொல்வார். வேலையைச் சரியாகச் செய்ய நினைக்கிறவர் இப்படித்தான் கேட்பார், இதைக் குறையாக எந்தக் கிளையண்ட்டும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

சிரித்த சக ஊழியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் எத்தனை பேருக்கு அன்றைக்கு ரெயின் செக்கின் அர்த்தம் தெரிந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். நீங்கள் வாய் திறந்தீர்கள், அவர்கள் திறக்கவில்லை.

கிளையண்ட்டிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒரு மாதம் ஆகிவிட்டது, அவருக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. ஆனால் ரெயின் செக் வாங்கிக்கொண்டு போனவர் திரும்ப வந்து ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமல்லவா? உங்கள் ஸ்க்ரீனை அவர் இன்னும் பார்க்கவில்லை என்றால், அடுத்த மீட்டிங் முடிகிற நேரத்தில் நீங்களே மைக்கை ஆன் செய்து கேளுங்கள்: "யூ டுக் எ ரெயின் செக் ஆன் த டெமோ. டஸ் திஸ் ஃப்ரைடே வொர்க்?"

அன்புடன்,
உங்கள் அக்கா