14 லட்சம் பெங்களூரா, 11.5 லட்சம் சென்னையா?

கேள்வி: விருதுநகரைச் சேர்ந்த எனக்கு வயது 26, திருமணம் ஆகவில்லை. மென்பொருள் துறையில் நான்கு வருட அனுபவம். இதுவரை வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். இப்போது கையில் இரண்டு ஆஃபர். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஆண்டுக்கு 14 லட்சம் ரூபாய் சி.டி.சி. (கம்பெனி எனக்காகச் செய்யும் மொத்தச் செலவு), அதில் 10% வேரியபிள் (நிச்சயமில்லாத, கூடக் குறைய வரும் பகுதி). சென்னை தரமணியில் 11.5 லட்சம், முழுக்க ஃபிக்ஸட். கல்விக் கடனுக்கு மாதம் 8,500 ரூபாய் இ.எம்.ஐ. போகிறது, வீட்டுக்கு 10,000 தருகிறேன். சேமிப்பு 1.1 லட்சம். மாதம் இருபதாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் பெங்களூரு போக நினைக்கிறேன். அப்பா சென்னையே போதும் என்கிறார். எது சரி?

பதில்: அந்த இருபதாயிரத்தை முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம். இரண்டு சி.டி.சி.க்கும் வித்தியாசம் 2.5 லட்சம், பன்னிரண்டால் வகுத்தால் 20,833 ரூபாய். அதில் பாதிகூட மாதச் சம்பளமாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது.

பெங்களூரு ஆஃபரில் 1.4 லட்சம் வேரியபிள். மிச்சம் 12.6 லட்சத்தில் பாதி பேசிக் (அடிப்படைச் சம்பளம்) என்று வைத்துக்கொள்வோம், 6.3 லட்சம். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 12%, அதாவது 75,600 ரூபாய். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81%, சுமார் 30,300. இரண்டையும் சி.டி.சி.க்கு உள்ளேயே கணக்கு காட்டியிருப்பார்கள். அவற்றைக் கழித்த பிறகு உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 75,600, தொழில் வரி 2,500. கடைசியில் மாதம் கைக்கு வருவது சுமார் 89,650 ரூபாய். சென்னை ஆஃபரையும் இதேபோலப் போட்டால் (பேசிக் 5.75 லட்சம்) மாதம் சுமார் 81,800. ஆக, வித்தியாசம் 7,850 ரூபாய். தொழில் வரியால் மாற்றம் எதுவும் இல்லை; கர்நாடகத்தில் மாதாமாதம் பிடிப்பார்கள், சென்னையில் அரையாண்டுக்கு ஒருமுறை, இரண்டிலும் ஆண்டுக்கு 2,500தான்.

பி.எஃப். உங்கள் பணம், அது எங்கும் போகாது. கிராஜுவிட்டி அப்படியில்லை. வழக்கமான பணியாளருக்கு அது ஐந்து வருடம் முடித்தால்தான் கைக்கு வரும். இரண்டு, மூன்று வருடத்தில் கம்பெனி மாறுபவருக்கு அந்த 30,300 வெறும் காகிதத்தில் இருக்கும் எண். இன்னொன்று: சில கம்பெனிகள் பி.எஃப்.பை 15,000 ரூபாய் சம்பளத்துக்கு மட்டும், அதாவது மாதம் 1,800 என்று பிடிக்கும். அப்படியானால் கைக்கு வரும் தொகை கூடும், சேமிப்பு குறையும். இரண்டு எச்.ஆர்.களிடமும் சம்பளப் பிரிவு அட்டவணையை வாங்கி, மேலே போட்ட கணக்கை அந்த எண்களை வைத்து மறுபடி போடுங்கள்.

வரியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் வரி இல்லை. சென்னை ஆஃபருக்கு வரி பூஜ்யம். பெங்களூருவில் வேரியபிள் முழுதாக வந்தால் வரிக்குரிய வருமானம் சுமார் 12,19,100. ஸ்லாப்படி (வருமானப் படிநிலைக்கு ஏற்ற விகிதப்படி) 62,865 ரூபாய் வரி வரும். ஆனால், 12 லட்சத்துக்கு மேல் போன தொகையைவிட வரி கூடக்கூடாது என்ற நிவாரணம் இருப்பதால் 19,100, செஸ் (வரி மீதான கூடுதல் தீர்வை) சேர்த்து 19,864 கட்டவேண்டும். அதாவது வேரியபிள் 70% வந்தால் 98,000 முழுதாக உங்களுக்கு. 100% வந்தால் 1,20,136. கூடுதலாக வந்த 42,000-இல் ஏறக்குறைய பாதி வரிக்குப் போய்விடும். இதற்கு வழி உண்டு. கம்பெனி வழியாக என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கட்டச் சொல்லி, ஆண்டுக்கு 20,000 ரூபாயை அதில் போடுங்கள். பேசிக்கில் 14% வரை புதிய முறையிலும் கழிவு உண்டு. வருமானம் 12 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிடும். வரியாகப் போயிருக்கும் பணம் உங்கள் பென்ஷன் கணக்கில் உட்காரும். மற்றபடி வாடகை ரசீது சேர்த்து வைக்கும் வேலையெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. புதிய முறையில் வீட்டு வாடகைப்படிக்குக் கழிவே கிடையாது.

இப்போது செலவு. இரண்டு பெட்ரூம் வீட்டை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டால், ஒயிட்ஃபீல்டில் உங்கள் பங்கு பராமரிப்புக் கட்டணம் சேர்த்து 15,000, வேளச்சேரி, தரமணி பக்கம் 10,000 என்று திட்டமிடலாம். சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, ஊருக்கு வந்துபோவது என்று எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெங்களூரு மாதம் 36,500-க்கும், சென்னை 29,500-க்கும் அருகில் நிற்கும். சென்னையில் ஏ.சி. போடும் மின்கட்டணத்தைச் சேர்த்தே சொல்கிறேன். செலவு வித்தியாசம் 7,000, சம்பள வித்தியாசம் 7,850. மிஞ்சுவது 850 ரூபாய். ஒரு சினிமாவும் பிரியாணியும்.

தனியாக ஒரு பெட்ரூம் வீடுதான் வேண்டும் என்றால் கணக்கு தலைகீழ். ஒயிட்ஃபீல்டில் பராமரிப்போடு 24,500, சென்னையில் 16,000 என்று வைத்தால், பெங்களூருவில் மாதம் 2,650 ரூபாய் குறைவாகத்தான் மிஞ்சும்.

ஆகவே முடிவு வேரியபிளில்தான் இருக்கிறது. எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்: கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் கிரேடில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், ஆண்டுக்கு எத்தனை முறை, வருட நடுவில் சேர்ந்தவருக்கு எப்படி, பணம் வரும் தேதியில் நோட்டீஸ் பீரியடில் இருந்தால் கிடைக்குமா? கடைசிக் கேள்விதான் பலருடைய காசைச் சாப்பிடுகிறது. 70 சதவீதத்துக்குக் குறையாமல் கொடுத்திருந்தால், பகிர்ந்து தங்கச் சம்மதம் என்றால், பெங்களூரு போங்கள். அடுத்த வேலை தேடும்போது உங்கள் அனுபவத்துக்கு அங்கே கதவுகள் அதிகம். 26 வயதில் அதற்கும் ஒரு விலை உண்டு. பதில் மழுப்பலாக வந்தால், வேரியபிளில் 70,000 ரூபாயை ஃபிக்ஸடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அது மட்டுமே மாதம் சுமார் 5,000 ரூபாய் கைக்குத் தரும். அதற்கும் மறுத்தால் அப்பா சொல்வதே சரி.

எந்த ஊரானாலும் போய்ச் சேர்ந்த வாரமே வீடு பிடிக்காதீர்கள். சேமிப்பு 1.1 லட்சம்தான். பெங்களூருவில் தனி வீடுகளுக்கு ஐந்தாறு மாத வாடகை அட்வான்ஸ் கேட்பது சகஜம். 22,000 வாடகை என்றால் சேமிப்பு அதிலேயே காலி. மேலே ஒரு மாத வாடகை புரோக்கருக்கு. மாதத்தின் பிற்பகுதியில் சேர்ந்தால் பல கம்பெனிகளில் முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். அதனால் முதல் இரண்டு மாதம் பி.ஜி.யில் (பேயிங் கெஸ்ட் விடுதி) இருங்கள். அட்வான்ஸுக்காகப் பர்சனல் லோன் வேண்டாம். பி.ஜி.யிலிருந்து வீடு தேடும்போது, பார்க்கும் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குச் செவ்வாய், புதன், வியாழனில் காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். திங்களும் வெள்ளியும் பலர் வீட்டிலிருந்து வேலை செய்வதால் சாலை உங்களை ஏமாற்றும். ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோ பர்ப்பிள் லைன் இருப்பதால், ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் வாடகை ஆயிரம், இரண்டாயிரம் கூட இருந்தாலும் கொடுக்கலாம். தரமணிக்குப் பறக்கும் ரயில் போதும்; வேளச்சேரி அங்கிருந்து இரண்டாவது ஸ்டேஷன்தான். மெட்ரோ வேலை முடியும்வரை ஓ.எம்.ஆரில் தெற்கே தள்ளிப் போகாதீர்கள்.

பெங்களூரு வீட்டில் கேட்கவேண்டியது தண்ணீர்: காவிரியா, போர்வெல்லா, டேங்கரா? டேங்கர் என்றால் மார்ச் முதல் மே வரை அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் ஏறும். 2024 கோடையில் பட்டவர்களுக்குத் தெரியும். சென்னையில் கேட்கவேண்டியதும் தண்ணீர்தான், வேறு விதத்தில்: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வாசலில் எவ்வளவு நின்றது? வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தரைத்தளம் வாடகை குறைவாகக் கிடைத்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். கூடவே மின் மீட்டரையும் பாருங்கள். தனி மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் வாங்கும் வீட்டில் அது கிடைக்காது.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று லாக்-இன்: ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு போகும்? மற்றது பெயிண்டிங்: பெங்களூருவில் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கம், அதைத் தொகையாக எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. ஆனால், ஒப்பந்தத்தில் வேறு தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவே நிற்கும். குடியேறும் நாளில் சுவர், குழாய், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

பைக்கைப் பெங்களூருவுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், 12 மாதத்துக்கு மேல் அங்கே ஓட்ட மறுபதிவு தேவை; விருதுநகர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, கர்நாடக ஆயுள்வரி கட்டவேண்டும். பழைய வண்டி என்றால் ஊரிலேயே விற்றுவிட்டுப் போவது லாபம்.

எச்.ஆர். ஒப்புக்கொண்டது எல்லாம் திருத்திய ஆஃபர் லெட்டரில் வந்து சேர்ந்த பிறகே இப்போதைய கம்பெனியில் பேப்பர் போடுங்கள்.