தூண் மேலா, மண்ணுக்கு அடியிலா?

கேள்வி: மயிலாப்பூரில் மெட்ரோ ரயிலுக்கு ஆழமாகச் சுரங்கம் தோண்டுகிறார்கள், நூறடிச் சாலையிலோ தூண்களின் மேல் ஓடவிட்டிருக்கிறார்கள். இதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? தரையில் ஓடும் கடற்கரை–தாம்பரம் பாதையையும் உயர்த்தவோ புதைக்கவோ கூடாதா?
– ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: புதிய தடம் என்றால் முதலில் பார்ப்பது சாலையின் அகலத்தை. நூறடிச் சாலையில் நடுவே தூண் நிறுத்திய பிறகும் இருபுறமும் வண்டிகள் செல்ல இடம் இருந்தது. மயிலாப்பூரின் தெருக்களில் அப்படி நிறுத்தினால் கடைகளும் வீடுகளும் இடிபடும். ஆனால் அகலம் மட்டுமே அளவுகோல் அல்ல. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி செல்லும் தடம் கோடம்பாக்கம் வரை சுரங்கமாக வந்து, அவ்வளவாக அகலமில்லாத ஆற்காடு சாலையில் தூண்களின் மேல் ஏறிவிடுகிறது. சுரங்கத்துக்கு உயர்மட்டப் பாதையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் செலவாகும் என்பதால், முடிந்த இடமெல்லாம் மேலேறத்தான் பார்ப்பார்கள். மண்ணும் சேர்ந்து சோதிக்கும்: மணலும் களிமண்ணும் பாறையும் மாறி மாறி வருவதால் துளையிடும் இயந்திரம் ஒரே சீராக முன்னேற முடியாது. 2017 ஏப்ரலில் அண்ணா சாலை உள்வாங்கி, மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கியது நினைவிருக்கும்.

பறக்கும் ரயிலை நினைத்தால்தான் எனக்கு வருத்தம் மிகுகிறது. 1995-இல் கடற்கரை–சேப்பாக்கம் இடையே ஓடத் தொடங்கிய அந்தப் பாதையை, நிலம் கையகப்படுத்தும் சிக்கல் குறைவு என்று, பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே கொண்டுபோனார்கள். கால்வாய்க்குள் தூண்கள் நின்றதால் வெள்ளம் வடியும் வழி குறுகியது. நிலையங்களும் மக்கள் நடமாடும் தெருக்களை விட்டு ஒதுங்கிப்போயின. புறம்போக்காகக் கிடைக்கிறது என்பதற்காக நீர்வழியை ரயிலுக்குக் கொடுப்பதை இனி எக்காரணம் கொண்டும் ஏற்கக் கூடாது.

கடற்கரை–தாம்பரம் பாதையின் நிலை வேறு. நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் என்ற சரிவில் மெட்ரோ ஏறிவிடும். இந்தப் பாதையில் செல்லும் நீண்ட விரைவு ரயில்களுக்கு ஒரு மீட்டரே மிகுதி. அப்படியானால் ஏழு மீட்டர் உயர எழுநூறு மீட்டர் வேண்டும், நிலையங்களோ ஏறக்குறையச் சமதளத்தில் இருந்தாக வேண்டும். இத்தனையையும் ரயில்களை நிறுத்தாமல், பக்கத்தில் தற்காலிகத் தடம் போட்டுச் செய்ய உங்கள் மாம்பலத்தில் இடம் ஏது? சாலையோ முப்பது மீட்டரில் ஒரு மீட்டர் ஏறிவிடும். ஆகவே ரயிலை விட்டுவிட்டுச் சாலையை ஏற்றுவதோ இறக்குவதோதான் எளிது. கோடம்பாக்கம் மேம்பாலமும் துரைசாமி சுரங்கப்பாதையும் அப்படி அமைந்தவையே. இறக்குவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு, ஏனெனில் பெருமழையில் துரைசாமி, கணேசபுரம் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கிப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. புறநகர்ப் பாதைகளில் மிச்சமிருக்கும் ரயில்வே கேட்டுகளில் வாகனங்களுக்கு மேம்பாலத்தையும், படியேற முடியாத முதியோர் தண்டவாளத்தைக் கடக்க நேராதபடி லிப்ட் வைத்த நடைமேம்பாலத்தையும் சேர்த்தே கேளுங்கள்.