நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகம் போனால் போலீஸ் பிடிக்கும்?

கேள்வி: மன்னார்குடியில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறையாவது காரில் திருச்சி போய் வருவேன். வேகமாகப் போனதற்காக இதுவரை யாரும் என்னை நிறுத்தியதில்லை. போன வாரம் செல்போனுக்கு 1,000 ரூபாய் சலான் வந்திருக்கிறது. தஞ்சாவூர்–திருச்சி சாலையில் அதிவேகமாம். வண்டியை யாரும் மறிக்கவே இல்லை. போலீஸ் உண்மையில் இதில் எவ்வளவு கண்டிப்பு? பத்து கிலோமீட்டர் கூடப் போனால் விட்டுவிடுவார்கள் என்கிறார்களே, சரியா? இந்தச் சலானை எதிர்க்கலாமா?

பதில்: எல்லாச் சாலையிலும் ஒரே கண்டிப்பு இல்லை. மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் வரை வேகம் அளக்கும் கருவி ஒன்றைக்கூடப் பார்க்காமல் நீங்கள் பல வருடம் ஓட்டியிருக்கலாம். தஞ்சாவூர் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறியதும் நிலைமை மாறிவிடும். நேரான சாலை, நடுவில் தடுப்பு, தடம் தடமாகப் பிரிந்து வரும் வண்டிகள் என்று வேகத்தை அளக்க வசதியான இடம் அது. கையில் லேசர் கருவியோடு நிற்கும் போலீஸ்காரரும், நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராவும் அங்கேதான் இருப்பார்கள். கருவியோடு ஆள் நின்றால் சற்றுத் தள்ளி இன்னொரு குழு வண்டியை ஓரங்கட்டும். கேமரா என்றால் யாரும் மறிக்க மாட்டார்கள், சலான் செல்போனுக்கு வந்துவிடும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது வகை.

இதை வைத்து, ‘போலீஸ் நிற்கும் இடம்தான் ஆபத்தான இடம், மற்ற இடத்தில் மிதிக்கலாம்’ என்று மட்டும் கணக்குப் போட்டுவிடாதீர்கள். டெல்டாவில் அது பெரும்பாலும் தலைகீழ். விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வக்கீல் என்ற முறையில் சொல்கிறேன்: என்னிடம் வரும் வழக்குக் கட்டுகளில் நெஞ்சைப் பிசைபவை அதிகமும் வாய்க்கால் ஓரத்து இருவழிச் சாலைகளில் நடந்தவை. அங்கே வேகத்தை அளக்க யாரும் நிற்பதில்லை.

பத்து கிலோமீட்டர் சலுகைக்கு வருகிறேன். அளக்கும் கருவியில் சின்ன வித்தியாசம் வரலாம் என்பதால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடுதலுக்கெல்லாம் பொதுவாக யாரும் வழக்குப் போடுவதில்லை. ஆனால் ‘பத்து வரை எனக்கு உரிமை உண்டு’ என்று சொல்லிக்கொள்ள எந்த விதியும் இல்லை. கார் ஸ்பீடோமீட்டர் பொதுவாக உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும். உங்கள் முள் 100-ல் நின்றால் நிஜ வேகம் அதற்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அப்படியிருந்தும் கருவியில் வரம்பைத் தாண்டிய எண் பதிவானால், முள் அதைவிட மேலே நின்றிருக்கும் என்றுதான் அர்த்தம். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் எச்சரிக்கை ஒலி வரும். அந்தச் சத்தத்துக்காக எரிச்சல்பட்டு ஒயரைப் பிடுங்கிவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வரம்பு எவ்வளவு என்பதிலேயே பலருக்குக் குழப்பம். மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கை, நடுவில் தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் காருக்கு 100, பஸ்ஸுக்கு 90, சரக்கு வண்டிக்கும் இருசக்கர வண்டிக்கும் 80 என்றது. மற்ற சாலைகளில் காருக்கு 70, பஸ், லாரி, பைக்குக்கு 60. எக்ஸ்பிரஸ்வேக்கு 120 என்று அதில் இருந்ததைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் 2021-ல் அந்த அறிவிக்கையையே ரத்து செய்து, 2014-ன் பழைய வரம்புகளுக்குத் திரும்பச் சொன்னது. டெல்டாவில் எக்ஸ்பிரஸ்வே கிடையாது என்பதால் 120 பேச்சு நமக்கு வேண்டாம். நான்குவழியில் கார் 100-ஐத் தாண்டக் கூடாது என்பதை மனதில் வைத்தால் போதும். அதற்கும் மேலாக ஒன்று உண்டு: ஒரு பகுதியில் குறைந்த வேகம் எழுதிப் பலகை நட்டிருந்தால், அந்த இடத்தில் பலகைதான் சட்டம். பள்ளிக்கூடம், பைபாஸ் சேரும் முனை, பாலம் கட்டும் இடம் போன்றவற்றில் எண் சட்டென்று இறங்கும். சலான் வாங்கும் பலர் 100 வரம்பை மீறியவர்கள் அல்ல, இந்தப் பலகையைக் கவனிக்காதவர்கள்.

அபராதம் மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவில் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு கார் போன்ற இலகு வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 வரை, பஸ், லாரிக்கு 2,000 முதல் 4,000 வரை. ஜவுளிக் கடைக்காரருக்கு ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் இரண்டாவது முறை பிடிபட்டால் லைசென்ஸைப் பறிமுதல் செய்யவும், ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பித் தகுதிநீக்கம் செய்யவும் சட்டம் இடம் தருகிறது. உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழுவும், அதிவேகத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கிலிருந்து பிறந்த குழு அது. உடைந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்த ஒரு டாக்டர் நீதிமன்றத்துக்குப் போனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

இனி உங்கள் ஊர்ச் சாலை. தை, மாசியில் சம்பா அறுப்பு நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். தார்ச் சாலையில் பாதியை நெல் பிடித்திருக்கும். வண்டி ஏறிவிடாமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல், முள் கொப்பு, சில இடத்தில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் குடம். பகலில் தெரியும். சாயங்காலம் நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டு போன பிறகும் கல் அங்கேயேதான் கிடக்கும். சிதறிய நெல்மணி மேல் பிரேக் பிடித்தால் டயருக்குப் பிடிமானம் இருக்காது, பைக்காக இருந்தால் சறுக்கிக்கொண்டு போகும். கொள்முதல் நிலைய வாசலில் மூட்டை ஏற்ற வரிசையாக நிற்கும் லாரிகளுக்குப் பின்விளக்கு எரிவதில்லை. சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு அறுவடை மிஷின் எதிரே வரும். வைக்கோல் ஏற்றிய வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் அது வண்டியா, போரா என்றே தெரியாது. ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டம் இரவெல்லாம் சாலை ஓரத்தில் போய்க்கொண்டிருக்கும். ஆற்றங்கரையோடு போகும் சாலை மதகு வந்ததும் திடீரென்று முறுக்கிக்கொண்டு திரும்பும்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். காய்ந்த சாலை, நல்ல டயர், ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். 60-ல் வரும் கார் முழுதாக நிற்க ஏறக்குறைய 45 மீட்டர் வேண்டும். 80-ல் 68 மீட்டர். 100-ல் 97 மீட்டர். இரவில் டிம் வெளிச்சத்தில் சுமார் 40, 50 மீட்டருக்கு மேல் இருட்டாடை கட்டிய மனிதர் கண்ணில் படமாட்டார். அப்படியானால் 80-ல் போகும் நீங்கள் அவரைப் பார்க்கிறபோதே காலம் கடந்துவிட்டது. இத்தனைக்கும் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? 40 கிலோமீட்டரை 70-ல் போனால் 34 நிமிடம், 90-ல் போனால் 27 நிமிடம். அதுவும் வழியில் ஒரு ஊர்கூட குறுக்கே வராமல் இருந்தால்தான்.

பஸ்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘தனியார் பஸ்ஸை மட்டும் போலீஸ் ஏன் விடுகிறது’ என்று கேட்காத ஆள் நம் பக்கத்தில் இல்லை. டைமிங் பிரச்சினைதான் அங்கே வேர். முன்னால் போகும் பஸ்ஸுக்கும் பின்னால் வருவதற்கும் நடுவே சில நிமிடம் விட்டு நேரம் போட்டிருப்பார்கள். ஒரு ரயில்வே கேட்டில் நின்றால் அந்த நிமிடங்கள் போய்விடும், பிறகு டிரைவர் மிதிக்காமல் என்ன செய்வார்? சட்டம் இதை யோசித்திருக்கிறது. வேக வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேரத்தைக் குறித்து அட்டவணை போட்டிருந்தால், அட்டவணை போட்டவரே குற்றம் செய்தார் என்பதற்கு அதையே முதல்நிலைச் சான்றாக, அதாவது மறுத்து நிரூபிக்கும் வரை செல்லும் சான்றாக, எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 183-வது பிரிவின் நான்காவது உட்பிரிவு. டிரைவரை வேகமாக ஓட்டவைக்கும் முதலாளியையும் அதே பிரிவு விடவில்லை. இந்த உட்பிரிவைத் தூசி தட்டி எடுத்து ஒரே ஒரு தடத்திலாவது பயன்படுத்தினால், டிரைவர் சட்டையைப் பிடிப்பதைவிட அதிக உயிர் பிழைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

போலீஸ் பிடிக்காத சாலையில் சட்டமும் இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே அது விபத்துக்குப் பிறகு வரும், முழு பலத்தோடு. அலட்சியமாக ஓட்டி ஒருவர் இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-ன்படி ஐந்து வருடம் வரை சிறை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு வருடமாக இருந்தது. அப்போது உங்கள் வேகம் என்ன என்று ஆளாளுக்குத் தேடுவார்கள். டயர் தடம், பெட்ரோல் பங்க் கேமரா, சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பதிவான நேரம் எல்லாம் கோப்பில் ஏறலாம். அடிபட்டவர் நீங்களே என்றாலும், உங்கள் வேகமும் ஒரு காரணம் என்று தீர்ப்பாயம் கண்டால் அந்தப் பங்கை இழப்பீட்டில் கழித்துவிடும். சொந்த வேகத்தாலும் அலட்சியத்தாலும் தானே விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தர வேண்டியதில்லை என்ற கர்நாடக உயர்நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். புதுப்பிக்கும்போது பிரீமியத்தைக் குறைக்க அதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

உங்கள் சலானுக்கு வருவோம். முதலில் அது உண்மையானதுதானா? சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி, செயலி ஒன்றை இறக்கச் சொல்லி, வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி பரவலாக நடக்கிறது. வந்த லிங்க்கைத் தொடாதீர்கள். மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இருந்தால் நிஜம்.

பிறகு படத்தைத் திறந்து நிதானமாகப் பாருங்கள். உங்கள் கார்தானா, நிறமும் மாடலும் பொருந்துகிறதா, நம்பர் பிளேட்டில் எல்லா எழுத்தும் சரியா? 8-ஐ 3 என்றும், டி-யை ஓ என்றும் கேமரா படித்துவிடுவதுண்டு. தேதி, நேரம், இடம், அளந்த வேகம், அந்த இடத்தின் வரம்பு இவை இருக்க வேண்டும். 2021-ல் சேர்த்த 167ஏ விதி, கேமரா வைத்துப் பிடிப்பதற்கென்றே சில கட்டுப்பாடுகளைப் போட்டது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த ஒப்புதல் சான்று வேண்டும். கண்காணிப்புப் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வேண்டும். சம்பவம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழும் இணைந்திருக்க வேண்டும். கருவி எதுவுமில்லாமல், ‘கண்ணால் பார்த்தேன், வேகமாகத்தான் வந்தார்’ என்று ஒரே ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து அதிவேகத்துக்குத் தண்டிக்க முடியாது என்றும் 183-வது பிரிவு சொல்கிறது. நின்று பிடித்த போலீஸ்காரரிடம் கருவியில் பதிவான எண்ணைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை, மரியாதையாகக் கேளுங்கள்.

இவற்றில் ஏதாவது இடித்தால் அதே தளத்தில் புகார் பதியலாம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அங்கே மறுக்கலாம். அன்றைக்கு வண்டியை ஓட்டியவர் தம்பியோ டிரைவரோ என்றால், யார் என்று கேட்கும்போது சொல்ல வேண்டிய கடமை உரிமையாளருக்கு உண்டு. ஒருவேளை படத்தில் இருப்பது நீங்கள் எப்போதோ விற்ற பழைய வண்டி என்றால், ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். சலானைவிட அது பெரிய சிக்கல். நாளை அந்த வண்டி யாரையாவது இடித்தால் இழப்பீட்டு வழக்கில் முதல் பெயர் உங்களுடையது.

எல்லாம் சரியாக இருந்தால் வாதாடாமல் கட்டிவிடுங்கள். ஆயிரம் ரூபாய்க்காகத் தஞ்சாவூருக்கு வாய்தா வாய்தாவாக அலைவதில் பொருளில்லை. கட்டிய ரசீதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் தளத்தில் நிலுவை நீங்கியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். பெயர் மாற்றம் போன்ற ஆர்.டி.ஓ. வேலைக்குப் போகும்போது, கட்டியும் கணக்கில் ஏறாத சலான்தான் குறுக்கே வந்து நிற்கும்.