பிளேயர் மாட்டிய நாள் முதல் காடி ஸ்டார்ட் ஆகவில்லை: யாரைக் கேட்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். காடி என் பெயரில் இருக்கிறது. வாங்கி மூன்று வருடம் ஆகிறது, ஐந்து வருட வாரண்டி இன்னும் ஓடுகிறது. தீபாவளிக்கு முன்பு என் கணவர் ஒரு கடையில் ஆண்ட்ராய்டு பிளேயர் மாட்டினார். மேப், ரிவர்ஸ் கேமரா எல்லாம் சேர்த்து 1,150 வெள்ளி (ரிங்கிட்). விளம்பரத்தில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி என்று போட்டிருந்தார்கள். அந்த மாதமே தொல்லை ஆரம்பம். இரண்டு நாள் எடுக்காமல் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரியை இரண்டு தடவை மாற்றினோம், தலா 260 வெள்ளி. ஆளை வரவழைத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்ததற்கு 160 வெள்ளி. பாலத்தில் போகும்போதே மேப் நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பது 2 ஜிபிதான் என்று என் மகன் ஏதோ ஆப் போட்டுப் பார்த்துச் சொல்கிறான். கடைக்காரரோ, "உங்கள் பேட்டரி பழசு. வாரண்டி பிளேயருக்குத்தான், வயருக்கு இல்லை. விற்ற சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "வயரை வெட்டியிருக்கிறார்கள், வாரண்டி ஹாங்குஸ் (இனிச் செல்லாது)" என்றார்கள். போன மாதம் ஏர்கோன் கம்ப்ரெசர் கெட்டதற்கும் அதே பதில். போதாததற்கு, மேப் காட்டிய வழியில் போய் லெபோ சூலியா பக்கம் ஒருவழிச் சாலையில் கணவர் எதிரே நுழைந்துவிட்டார், சம்மன் என் பெயருக்கு வந்திருக்கிறது. அவர் சனி, ஞாயிறு இ-ஹெயிலிங் (செயலி வழி வாடகைக் கார்) ஓட்டுகிறவர். வழக்குப் போடலாமா? வக்கீல் செலவு எங்களுக்குத் தாங்குமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அம்மா. வக்கீலுக்கு நீங்கள் ஒரு சென் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் போக வேண்டிய இடம் பயனீட்டாளர் நடுவர் மன்றம். அங்கே விசாரணையில் வக்கீல் நிற்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. கடைக்காரரும் வக்கீலைக் கூட்டிவர முடியாது. மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். 2019-க்கு முன் அந்த வரம்பு 25,000-ஆக இருந்தது.

ஆனால் மனு எழுத உட்காரும் முன் ஒரு விஷயம். அந்த வயரை யாரும் தொடக்கூடாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். எரிச்சலில் வேறு போர்மனிடம் (மெக்கானிக்கிடம்) போய் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, பழைய வயரைக் குப்பையில் போட்டுவிட்டு வருவார்கள். பிறகு கடைக்காரர் செய்த தவற்றைக் காட்ட வாய்வார்த்தையைத் தவிர ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் காடியில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பிளேயருக்குக் கரண்ட் இரண்டு வயரில் வரும். மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது. சிவப்பு வயர் சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. சாவியை எடுத்ததும் சிவப்பில் கரண்ட் நின்று பிளேயர் தூங்கப் போக வேண்டும். அவசரக்காரர்கள் இரண்டையும் முறுக்கி ஒன்றாகச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றிவிடுவார்கள். பிளேயர் ராத்திரி முழுக்க விழித்தே இருக்கும். ஒரே ஒரு ஆம்பியர் இழுத்தாலும் 48 மணி நேரத்தில் 48 ஆம்பியர்-மணி போய்விடும். சின்னக் காடிகளின் பேட்டரி கொள்ளளவே ஏறக்குறைய 35 முதல் 45 வரைதான். "இரண்டு நாள் நிறுத்தினால்" என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. பேட்டரி பழசு என்ற வாதமும் இதோடு போச்சு, ஏனென்றால் புதுப் பேட்டரியும் அல்லவா படுத்திருக்கிறது!

ஊகம் சாட்சி ஆகாது. டேஷ்போர்டைத் திறந்து, வெட்டிய இடம், முறுக்கிய இடம், சுற்றிய டேப் ஆகியவற்றைக் கிட்டத்திலிருந்து படம் எடுங்கள். வண்டியின் நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து உள்ளே வயர் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கார் எலக்ட்ரிக் வேலை தெரிந்த ஒருவரை, காடியைப் பூட்டிச் சற்று நேரம் விட்டு, எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருக்க வேண்டும். அளவை அவருடைய கடை லெட்டர்ஹெட்டில் எழுதி, சாப் (முத்திரை) குத்திக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வயரைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டையும் அதிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை காடியை ஓட்டியாக வேண்டுமே என்றால், பிளேயருக்கென்று இருக்கும் சின்ன ஃபியூஸை மட்டும் பிடுங்கி வையுங்கள். பிடுங்கிய பிறகு இரண்டு நாள் நிறுத்தியும் காடி ஒழுங்காக ஸ்டார்ட் ஆனால் அதையும் தேதியோடு வீடியோ எடுங்கள். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி சட்டம். கடைக்காரர் உங்களுக்கு இரண்டு விற்றிருக்கிறார்: ஒன்று பொருள், இன்னொன்று வேலை. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இரண்டுக்கும் தனித்தனியாக உத்தரவாதம் தருகிறது. வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது 53-ஆம் பிரிவு. "வயருக்கு வாரண்டி இல்லை" என்று அவர் சொன்னால் அந்தப் பிரிவு காற்றோடு போய்விடாது. இந்த உத்தரவாதங்களை ஒப்பந்தம் போட்டும் விலக்க முடியாது என்று அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' அட்டைக்கும் இதே கதிதான். குறையுள்ள பொருளுக்கு அந்த அட்டை செல்லாது.

பொருளைப் பற்றிய உங்கள் வழக்கு இன்னும் வலுவானது. 4 ஜிபி என்று விளம்பரம் போட்டு 2 ஜிபி கொடுத்தால், பொருள் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்ற 34-ஆம் பிரிவு மீறப்பட்டிருக்கிறது. 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின்படி பொய்யான விவரிப்பு குற்றமும்கூட. இந்த மலிவு பிளேயர்களில் 'செட்டிங்ஸ்' பக்கத்திலேயே பொய்யான அளவு காட்டும்படி செய்துவிடுவது உண்டு. அதனால் அந்தப் பக்கம், மகன் பார்த்த ஆப் காட்டுவது, கடையின் விளம்பரம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கடைக்காரர் விளம்பரத்தை அழிப்பதற்கு முன்பு, இன்றைக்கே.

"காடியில் பொருத்தியாயிற்று, இனி திருப்ப முடியாது" என்று அவர் வாதிடக்கூடும். அப்படி ஒரு விதிவிலக்கு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் இருக்கத்தான் செய்கிறது. வேறொரு பொருளோடு பொருத்தப்பட்டு, சேதமில்லாமல் பிரிக்க முடியாத நிலையில் இருந்தால் திருப்பும் உரிமை போய்விடும். உங்கள் பிளேயரோ நாலு ஸ்க்ரூவையும் சாக்கெட்டையும் கழற்றினால் கையோடு வந்துவிடும். ஆகவே அது உங்களைத் தடுக்காது. ஆனால் 'நியாயமான காலத்துக்குள்' திருப்ப வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இன்னும் ஆறு மாதம் அதில் பாட்டுக் கேட்டுவிட்டுப் பிறகு போனால் எடுபடாது.

எனவே இந்த வாரமே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், முடிந்தால் மலாயில். விவரிப்புக்கு ஒத்துவராததாலும் வேலை சரியில்லாததாலும் பிளேயரை நிராகரிக்கிறேன், 14 நாளில் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று நாலே வரி. கோபம் வேண்டாம், கேலி ஸ்டிக்கர் வேண்டாம். அந்தச் செய்தியைத்தான் நடுவர் படிக்கப் போகிறார்.

எவ்வளவு கேட்பது? பிளேயருக்கு 1,150, வயர் சரிசெய்யும் மதிப்பீட்டுத் தொகை, ஜம்ப் ஸ்டார்ட் 160, இரண்டாவது பேட்டரிக்கு 260. முதல் பேட்டரியைக் கேட்காதீர்கள். மூன்று வருடம் ஓடிய பேட்டரி எப்படியும் சாகிற வயதுதான். அதையும் சேர்த்தால் மற்றக் கணக்கின் மீதும் நடுவருக்குச் சந்தேகம் வரும். இது என் அபிப்பிராயம், சட்டம் உங்களைத் தடுக்காது.

ரசீது இல்லாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம், டியூட்நவ் (போனில் வங்கி வழியாகப் பணம் அனுப்பும் முறை) வழியாகக் கட்டியிருந்தால் அந்தப் பதிவு போதும். ஆனால் அதில் வரும் பெயர் கடையின் பெயராக இல்லாமல் தவுக்கேயின் (முதலாளியின்) சொந்தப் பெயராக இருக்கலாம். போர்டில் ஒரு பெயர், பதிவில் வேறு பெயர் என்பதும் இங்கே சகஜம். மனுவில் தவறான பெயரைப் போட்டால் கிடைத்த தீர்ப்பை நிறைவேற்ற அலைய வேண்டிவரும். எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனப் பதிவு ஆணையம்) தளத்தில் சில ரிங்கிட் கட்டினால் பதிவுப் பெயரும் எண்ணும் கிடைக்கும். சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் மனு போட வேண்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. தீர்ப்பு வந்து 14 நாளில் அவர் கட்டாவிட்டால் அது கிரிமினல் குற்றம், அபராதமோ சிறையோ விதிக்கலாம். படிவம் நிரப்பக் கை நடுங்கினால், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். 1969-இலிருந்து இதே வேலையாக இருக்கிறவர்கள், தமிழிலும் பேசலாம்.

சர்வீஸ் சென்டர் விஷயத்தை இரண்டாகப் பிரியுங்கள். பிளேயர் வயரால் கெட்ட எலக்ட்ரிக் பாகத்தை அவர்கள் மறுத்தால் அது நியாயம், அந்தச் செலவைப் பிளேயர் கடையின் கணக்கில் சேர்க்க வேண்டும். கம்ப்ரெசர் வேறு. வாரண்டிப் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் 'மாற்றம் செய்ததால் ஏற்பட்ட சேதம்' என்றுதான் விலக்கியிருப்பார்கள். அப்படியானால் பிளேயர் வயர் எப்படிக் கம்ப்ரெசரைக் கெடுத்தது என்று அவர்கள் காட்டட்டும். எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கவுண்டரில் வாயால் 'ஹாங்குஸ்' என்கிறவர்கள் எழுத்தில் கொடுக்கும்போது கொஞ்சம் யோசிப்பார்கள். அதையும் தாண்டி, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், நீடித்து உழைக்க வேண்டும் என்ற 32-ஆம் பிரிவு வாரண்டிப் புத்தகத்தை நம்பி இருப்பதல்ல. தேவைப்பட்டால் அவர்கள் மீது தனி மனு போடுங்கள்.

கணவர் இ-ஹெயிலிங் ஓட்டுவதால் 'நீங்கள் பயனீட்டாளரே இல்லை' என்று கடைக்காரர் கிளப்பலாம். பொதுவாகச் சொந்த உபயோகத்துக்கு வாங்கப்படும் வகைப் பொருளா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. கார் பிளேயர் அந்த வகைதான், பயம் வேண்டாம். எனக்குப் பயமெல்லாம் இன்சூரன்ஸ் மேல். இ-ஹெயிலிங் ஓட்டுவதற்கான கூடுதல் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? பிளேயரை மதிப்போடு பாலிசியில் எழுதினீர்களா? வெளியில் மாட்டிய சாமானைத் தனியாக எழுதாவிட்டால், பெரும்பாலான பாலிசிகளில் திருட்டுப் போனாலும் அதற்குப் பணம் வராது. ஏஜெண்டுக்கு இன்றே போன் செய்யுங்கள்.

சம்மனுக்கு மேப் ஒரு சாக்கே ஆகாது. சாலை அடையாளத்துக்குக் கீழ்ப்படியும் கடமை சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 79-ஆம் பிரிவின்படி ஓட்டுபவருடையது, செயலியினுடையது அல்ல. காடி உங்கள் பெயரில் இருப்பதால் உங்களுக்கு வந்திருக்கிறது. ஓட்டியவர் யார் என்று கேட்டால் தெரிவிக்கும் கடமை 115-ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கு உண்டு. கணவர் பெயரைச் சொல்லிவிடுங்கள். வீட்டுச் சண்டைக்கு நான் பொறுப்பல்ல.

நீங்கள் கேட்காத ஒன்று. ஹேண்ட் பிரேக் போட்டால்தான் திரையில் வீடியோ ஓடும்படி இந்தப் பிளேயர்களில் ஒரு வயர் இருக்கும். கடைக்காரர்கள் அதைக் காடியின் பாடியில் எர்த் செய்துவிட்டு, "அக்கா, ஓடும்போதும் படம் பார்க்கலாம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். உங்களுடையதிலும் ஓடுகிறதா என்று பாருங்கள். விபத்து நடந்தால் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி கவனக்குறைவாக ஓட்டிய குற்றச்சாட்டுக்கும் இழப்பீட்டு வழக்குக்கும் அது நேரே எதிர்சாட்சி. வயரைச் சரிசெய்யும் நாளில் அதையும் முறையாக இணைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், காடியோடு வந்த பழைய ரேடியோ எங்கே? மாட்டிய அன்றைக்குக் கையோடு வாங்கி வந்தீர்களா, அல்லது கடையிலேயே விட்டுவிட்டீர்களா? அது உங்கள் சொத்து, பிளேயரைத் திருப்பினால் அந்தத் துவாரத்தில் அதுதான் போக வேண்டும். கடைக்காரர் அதை யாருக்காவது விற்றிருந்தால் அதன் விலையையும் மனுவில் சேருங்கள்.