குளிர்காலத்தில் எறும்புக் கூட்டை வீட்டில் கதகதப்பாக வைத்திருப்பது எப்படி? ஹீட்டிங் மேட் போடலாமா?

சோதனைக் குழாயில் ஒரு ராணி, கொஞ்சம் வேலைக்கார எறும்புகள், குளிர் தொடங்கியதிலிருந்து புழுக்கள் வளராமல் அப்படியே கிடக்கின்றன, ஹீட்டிங் மேட் வாங்கிக் கீழே விரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக மேட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் உங்களைவிட ஒரு படி மேலே. வாங்கி, விரித்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டேன்.

போடலாம். ஆனால் குழாய் முழுவதற்கும் அடியில் விரிக்காதீர்கள். கூட்டின் ஒரு மூலையை மட்டும் சூடாக்குங்கள், மிச்ச இடம் அறையின் குளிரிலேயே இருக்கட்டும். எங்கே உட்காருவது என்பதை எறும்புகள் பார்த்துக்கொள்ளும். அவசரம் என்றால் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். இனி வருவது என் சொந்தக் கதை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. நாலு வருடமாக எறும்பு வளர்க்கிறேன், அதில் முதல் வருடத்தை வளர்த்ததாகக் கணக்கில் சேர்க்க முடியாது. படித்தவர்கள் வந்து திருத்தினால் சந்தோஷம். "எறும்புக்கெல்லாம் ஹீட்டரா" என்று கேட்க வருகிறவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

என்னுடையது கேம்போனோட்டஸ் வகை, நாம் கட்டெறும்பு என்கிறோமே, அந்தக் கூட்டம். சிறகை உதிர்த்துவிட்டுத் தரையில் ஓடிக்கொண்டிருந்த ராணியைப் பிடித்து வந்து குழாயில் விட்டேன். இந்த ராணி முதல் பிள்ளைகளை வளர்க்கும்வரை ஒரு வாய்கூடச் சாப்பிடாது. உடம்பில் இருக்கும் கொழுப்பையும், இனிப் பறக்கப் போவதில்லை என்பதால் தேவைப்படாத சிறகுத் தசையையும் கரைத்துத்தான் புழுக்களுக்கு ஊட்டும். அப்படி வந்த முதல் பிள்ளைகள் பதினொன்று. எல்லாம் சின்னச் சின்னதாக, வழக்கமான கட்டெறும்பில் பாதி அளவுதான் இருக்கும். அந்தப் பதினொன்றையும் தினமும் எண்ணுவேன். எண்ணி முடித்தால்தான் தூக்கம்.

குளிர் வந்தது, கூட்டம் அசையாமல் ஒரே குவியலாக ஒட்டிக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மேட் வாங்கி, தெர்மோஸ்டாட் இல்லாமல் நேராகச் செருகி, குழாயை அதன் மேல் நீளவாக்கில் கிடத்தி, போதாக்குறைக்கு ஒரு துண்டையும் போர்த்திவிட்டேன். குழாயின் மேல்பக்கம் ஒட்டும் வகைத் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. அது 25 டிகிரி காட்டியது. ஆஹா, இதுதான் வேண்டும் என்று படுக்கப் போய்விட்டேன்.

காலையில் துண்டை எடுத்தால் குழாய்க்குள் மழை. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக நீர். எறும்புகளின் அறையில் பாதிக்குத் தண்ணீர். பதினொன்றில் ஐந்து அப்போதே போய்விட்டன. அதில் இரண்டு, ஒரு சொட்டுக்குள் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தன. மிச்சம் இருந்தவை வாசல் பஞ்சின் மேல் ஏறி, ஆளுக்கொரு கூட்டுப்புழுவை வாயில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன. ஒன்று மட்டும் பஞ்சு இழையைக் கடித்து இழுத்துக்கொண்டே இருந்தது, வழி உண்டாக்கப் பார்க்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பல் தேய்க்கக்கூடக் கை வரவில்லை.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. குழாயின் மூடிய முனையில் தண்ணீர், அதை அடைத்து ஒரு பஞ்சு, அதற்கு இந்தப் பக்கம் எறும்புகள். தண்ணீர் நிரப்பும்போது பின்னால் ஒரு காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். சூடு ஏறினால் அந்தக் காற்று விரியும். விரிந்தால் அதற்குப் போக வேறு இடம் இல்லை, தண்ணீரைப் பஞ்சு வழியாக முன்னால் தள்ளும். அதோடு பஞ்சிலிருந்து ஆவி கிளம்பி, குளிர்ந்த கண்ணாடியில் பட்டுச் சொட்டாக இறங்கும். இரண்டும் சேர்ந்துதான் என் வீட்டு வெள்ளம். தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை. அது மேல்பக்கக் கண்ணாடியின் சூட்டைச் சொன்னது. எறும்பு நடப்பது கீழ்ப்பக்கம். கம்பி முனை வைத்த தெர்மாமீட்டர் ஒன்றைப் பிறகு வாங்கி, காலிக் குழாய் ஒன்றை அதே மாதிரி கிடத்திக் கீழே வைத்துப் பார்த்தேன், 40 டிகிரி.

அடுத்த மூன்று நாளில் இன்னும் இரண்டு போயின. ராணியும் நாலு பேரும் மிச்சம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கட்டெறும்பே தேய்ந்தது.

அன்றைக்கு ஆபீசுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். ஏன் என்று கேட்டார்கள், உண்மையைச் சொன்னேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. இரண்டு வருடம் "என்ன சார், இன்னைக்கு எறும்பு வீட்ல வெள்ளம் வடிஞ்சுதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதே மாதத்தில் பக்கத்து இருக்கைக்காரர் நாய்க்கு வயிறு சரியில்லை என்று அரை நாள் விடுப்பு எடுத்தார், மேலாளரே நின்று நலம் விசாரித்தார். நாய் வளர்க்கிறவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அந்த வருட மதிப்பீட்டில் என் பெயருக்கு நேரே "கவனச் சிதறல்" என்று எழுதியிருந்தார்களே, அது எந்தக் கணக்கில்? ஒரே ஒரு நாள் தாமதத்துக்கு! இன்னும் சிலர் "ஈசல் வளர்க்கிறாயாமே" என்பார்கள். ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான், எறும்பு இல்லை, கறையானுக்குக் கரப்பான் பூச்சிதான் நெருங்கிய சொந்தம் என்று எத்தனை பேரிடம் சொல்வது. சரி, விடுங்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். மேட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். ஊர்வன வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் ஹீட்டிங் கேபிள், சன்னமான கம்பி மாதிரி இருக்கும், அதைக் குழாய்க்கு அடியில் குறுக்காக ஒரே ஒரு இடத்தில் கொண்டுபோகிறேன். அந்த இடம் எறும்புகளின் அறையில், தண்ணீர்ப் பஞ்சிலிருந்து தள்ளி. கேபிளுக்குத் தெர்மோஸ்டாட் உண்டு, அதன் உணர்முனை கேபிளும் கண்ணாடியும் தொடும் இடத்திலேயே ஒட்டியிருக்கிறது. 27 டிகிரியில் நிறுத்தியிருக்கிறேன். என் எறும்புகளுக்கு இது சரியாக வருகிறது. உங்கள் இனத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம், 30-க்கு மேல் போக எனக்குத் தைரியம் கிடையாது. மேட்தான் இருக்கிறது என்றால் அதையே சுவர் மாதிரி நிமிர்த்தி வைத்து, குழாயின் ஒரு பகுதியை மட்டும் அதன் அருகில் வையுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் வேண்டாம்.

முதல் தடவை கேபிளைப் போட்ட அன்று இரவு பார்த்ததைச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒருத்தி (வேலைக்கார எறும்பு எல்லாமே பெண்தான்) அந்த இடத்துக்கு வந்து நின்றாள், உணர்கொம்பால் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். திரும்பிப் போனாள். வரும்போது ஒரு கூட்டுப்புழு, பழுப்பு நிறப் பட்டுக்கூடு, ஒரு முனையில் கறுப்புப் பொட்டு, அவள் உடம்பைவிடப் பெரிது. கேபிளுக்கு நேர் மேலே வைக்கவில்லை, ஒரு விரற்கடை தள்ளி வைத்தாள். அரை மணி நேரத்தில் கூட்டுப்புழுக்கள் எல்லாம் அங்கே வந்துவிட்டன. முட்டைகளையும் சின்னப் புழுக்களையும் மட்டும் எடுக்கவில்லை, ஈரம் வேண்டும் என்பதால் பஞ்சுப் பக்கமே விட்டுவிட்டார்கள். எனக்கு இவ்வளவு தெரிந்திருந்தால் முதலில் வெள்ளமே வந்திருக்காது.

இது கண்ணாடிக் குழாயில் வந்த பழக்கமும் இல்லை. ஃபார்மிகா ரூஃபா என்ற காட்டு எறும்பு, ஊசியிலைகளைக் குவித்து மேடாகப் புற்றுக் கட்டும். வசந்தம் தொடங்கும்போது அதன் வேலைக்கார எறும்புகள் கூட்டமாக மேலே வந்து வெயில் காயும், உடம்பு சூடானதும் உள்ளே போய் அந்தச் சூட்டைப் புற்றுக்குள் விட்டுவிட்டு வரும்.

அதற்காக யாராவது "குழாயை ஜன்னல் வெயிலில் வைத்தால் போதுமே, எதற்குக் கேபிள்" என்று சொன்னால் கேட்டுவிடாதீர்கள். புற்றில் வெயில் படும்போது ஆழத்துக்கு இறங்கிப் போக இடம் இருக்கிறது. மூடிய கண்ணாடிக் குழாயில் எங்கே போகும்? சில நிமிடத்திலேயே வெந்துவிடும்.

இன்னொன்று, சூடு ஏறினால் பசியும் ஏறும். புழு வளரப் புரதம் வேண்டும், சின்னப் பூச்சி ஏதாவது கொன்று போடுங்கள். வளர்ந்த எறும்புகளால் கெட்டியாக எதையும் விழுங்க முடியாது, அவற்றுக்குச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ போதும். சூட்டை மட்டும் கூட்டி, சாப்பாட்டைப் பழையபடியே வைத்தால் புழுக்கள் வளராமல் நின்றுவிடும், சில சமயம் அவற்றையே தின்றுவிடுவார்கள். பசியில் இருக்கும் கூட்டம் சூட்டை விட்டுத் தானாகவே குளிர்ந்த பக்கம் நகர்வதும் உண்டு. அப்படி நகர்ந்தால் தெர்மோஸ்டாட்டைத் திருகாதீர்கள், முதலில் சாப்பாட்டைப் பாருங்கள். தண்ணீரும் சீக்கிரம் தீரும்.

இதையெல்லாம் செய்தும் புழு வளரவில்லை என்றால் கோளாறு சூட்டில் இல்லாமல் இருக்கலாம். குளிர் நாடுகளைச் சேர்ந்த பல இனங்களுக்கு வருடத்தில் சில மாதம் குளிர்த் தூக்கம் கட்டாயம். அந்த நாடுகளின் கேம்போனோட்டஸ் புழுக்கள் குளிரைப் பார்க்காமல் மேற்கொண்டு வளராது. அவற்றுக்குக் கேபிளும் வேண்டாம், மேட்டும் வேண்டாம், சில மாதம் 5 முதல் 10 டிகிரியில் பேசாமல் வைத்தால் போதும். "எறும்புக்குச் சூடே தேவையில்லை" என்று அடித்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகையை வளர்ப்பவர்கள்தான். அவர்கள் சொல்வது அவர்கள் கூட்டுக்குச் சரி. வெப்பநாட்டு இனத்தை அப்படிக் குளிரில் போட்டால் செத்துப்போகும்.

அவசரப்படாதீர்கள் என்று சொன்னால் கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் ராணி ஓடிப்போகப் போவதில்லை. ஜான் லுபக் என்ற ஆங்கிலேயர் 1874-இல் பிடித்து வளர்த்த ஒரு ராணி 1888 வரை உயிரோடு இருந்தது. லேசியஸ் நைகர் இனத்து ராணி ஒன்று வளர்ப்பில் 28 வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. ஒரு குளிர்காலம் மெதுவாகப் போனால் அதற்கு ஒன்றும் ஆகாது.

என் ராணியும் இருக்கிறாள். நாலு பேராக இருந்த கூட்டம் இப்போது எண்ண முடியாத அளவுக்குப் போய்விட்டது, எண்ணுவதையும் விட்டுவிட்டேன்.

உங்களுடையது எந்த இனம், எங்கே பிடித்தது என்று கீழே எழுதுங்கள். அதுவரை மேட்டைச் செருகாதீர்கள். செருகியிருந்தால் இப்போதே போய்ப் பிடுங்கிவிட்டு, பஞ்சு நனைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.