குணமாகாத நோய்க்குப் பேச்சுப் பயிற்சி எதற்கு?

மூளைச் செல்களை மெல்லச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோயால் அப்பாவின் பேச்சு குழறுகிறது, குணமாகாத நோய்க்குப் பயிற்சி எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். நோயை அது நிறுத்தாதுதான். ஆனால் பேச்சுப் பயிற்சியாளர் விழுங்குவதையும் சோதிப்பார். தண்ணீர் குடித்தால் இருமுகிறார் என்றீர்களே, முதலில் அதைக் காட்டுங்கள். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். இந்த நோயில் பெரிய ஆபத்து அதுதான்.

என் மாமியாருக்கும் இதே நோய். "என்ன சாப்பிடுறீங்க?" என்றால் பதில் வராது. டிவியை அணைத்துவிட்டு, "இட்லியா, தோசையா?" என்று கேட்டுப் பத்து வினாடி பேசாமல் இருப்போம். "தோசை" என்பார். அந்தப் பத்து வினாடி நமக்குத்தான் பெரும்பாடு!

அப்புறம், படங்களைத் தொட்டுக்காட்டி வேண்டியதைச் சொல்ல உதவும் படப் பலகையை இப்போதே பழக்குங்கள். நோய் முற்றிய பிறகு புதிதாகக் கற்பது கடினம்.