ஆர்டர் ஆப்புக்கு மாறும்போது சேல்ஸ்மேன்களை விரட்டுவதா, விடுவதா?

உங்கள் சேல்ஸ்மேன்கள் எட்டு பேரும் ஆர்டர் புத்தகத்தை விட மறுக்கிறார்கள், மணிக்கொரு முறை போன் செய்து விரட்டினால்தான் ஆர்டரை மொபைல் ஆப்பில் பதிகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் போனை நாளையே நிறுத்துங்கள். காலையில் லைனுக்கு, அதாவது கடை கடையாக ஆர்டர் எடுக்க, அவர்கள் கிளம்பும் முன் 10 நிமிடம் பேசுங்கள், மாலையில் அவர்களே கூப்பிடட்டும். விரட்டினால் பதிவு ஏறும், விற்பனை ஏறாது.

பெரும்பாலும் இதற்குக் காரணம் சோம்பல் இல்லை. கடைக்காரர் முன்னால் நிற்கும்போது ஆப் ஸ்டாக்கைச் சரியாகக் காட்டாது, அல்லது பழைய பாக்கி தெரியாது. இல்லாத சரக்குக்கு ஆர்டர் எடுத்து ஒரு தடவை ஏச்சு வாங்கியவர், அடுத்த கடையில் பேப்பரில்தான் எழுதுவார்.

ஆர்டர் பதிவான நேரத்தைப் பாருங்கள். எல்லாம் மாலை 6 மணிக்கு மேல் மொத்தமாக ஏறியிருந்தால், பேப்பரில் எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஏற்றுகிறார்கள் என்று அர்த்தம். அப்புறம், டீமில் நன்றாக விற்கும் ஒருவரோடு அரை நாள் லைனுக்குப் போங்கள். அவர் போனை வாங்கி நீங்கள் தட்டாதீர்கள், தயவுசெய்து. எங்கே அவர் கை தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றையாவது அந்த வாரமே சரிசெய்து காட்டினால், மற்றவர்களும் வாய் திறந்து குறை சொல்ல ஆரம்பிப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

வசூல் பணத்தில் மட்டும் இந்தத் தளர்வு வேண்டாம், அதைத் தினமும் கணக்குப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கும் முதல் இரண்டு மாதம் கூடவே ஓர் ஆள் தேவை.